பந்தியில் ஓர் இடம்: பெல்வியூவின் கிராஸ்ரோட்ஸ் வளாகம்

சியாட்டிலுக்குக் கிழக்கே, வாஷிங்டன் ஏரியின் மறுகரையில் இருக்கும் பெல்வியூ ஒரு காலத்தில் ஸ்ட்ராபெரிக்குப் பேர்போன ஊர். 1925இல் தொடங்கி ஆண்டுதோறும் அங்கே ஸ்ட்ராபெரித் திருவிழா நடந்தது. சுற்றுவட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து பழம் தின்று மகிழ்ந்து திரும்பினார்கள். அந்தப் பழத்தில் பெரும்பகுதியை விளைவித்தவர்கள் ஜப்பானியக் குடும்பங்கள். மரம் வெட்டி முடிந்த காட்டில் மிஞ்சிக் கிடந்த அடிக்கட்டைகளைத் தோண்டியெடுத்து, அந்த மண்ணைப் பயிருக்குப் பக்குவப்படுத்தியவர்களும் அவர்களே. ஆனால் மண் அவர்களுடையதாக முடியவில்லை. குடியுரிமை பெறும் விருப்பத்தை முறைப்படி அறிவிக்காத அயலார் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கூடாது என்று வாஷிங்டன் மாநிலம் 1921இல் சட்டம் செய்திருந்தது. ஆசியாவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கேட்கும் தகுதியே இல்லை என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்லியிருந்ததால், இந்த நிலச் சட்டம் யாரைக் குறிவைத்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஜப்பானோடு போர் மூண்டிருந்த 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த 9066ஆம் ஆணையின்படி, அந்த மே மாதம் பெல்வியூ பகுதியின் சுமார் 60 ஜப்பானியக் குடும்பங்கள் ரயிலேற்றப்பட்டுத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. விளைவித்தவர்கள் இல்லாமல் போனதால் அந்த ஆண்டு திருவிழாவும் இல்லை. போர் முடிந்தபின் திரும்பி வந்த குடும்பங்கள் மிகச் சில. 1946இல் பெல்வியூ ஸ்கொயர் என்ற வணிக வளாகம் எழுந்தது. 1953இல் ஊர் நகராட்சியானது. பழத்தோட்டங்கள் இருந்த இடங்களில் வீட்டுமனைகள் வந்தன.

புலம்பெயர்ந்தோர் நிறைந்த இன்றைய புறநகர்களைப் பற்றி யோசிக்கும்போது இந்தப் பழைய கதையை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம், பல்பண்பாட்டு அங்காடிகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் உணவில் தொடங்கி உணவிலேயே முடிந்துவிடுகின்றன. ஒரே கூரையின் கீழ் கொரியச் சோறும் தாய்லாந்துக் குழம்பும் இந்திய ரொட்டியும் கிடைத்தால், அங்கே மக்கள் கூடி வாழக் கற்றுக்கொண்டார்கள் என்று முடிவு கட்டப்படுகிறது. பெல்வியூவின் ஸ்ட்ராபெரித் திருவிழா அந்த முடிவை ஒப்பவில்லை. ஒரு சமூகத்தின் கைவிளைச்சலைப் பதினேழு ஆண்டுகள் விழா எடுத்து ருசித்த ஊர், அதே சமூகம் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டபோது பெரும்பாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றது. நாவுக்குப் பிடித்துவிட்டதாலேயே பக்கத்தில் இடம் கிடைத்துவிடுவதில்லை. தமிழில் சமபந்தி என்றொரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லில் விருந்து என்ன, கறி எத்தனை என்பதெல்லாம் இல்லை. யார் யாரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள் என்பது மட்டுமே இருக்கிறது. பல்பண்பாட்டு அங்காடியையும் அந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே என்ன விற்கிறது என்பதைவிட, எதையும் வாங்காதவர் எவ்வளவு நேரம் உட்காரலாம், யார் தயவில் உட்காருகிறார் என்ற கேள்விகளே முக்கியம்.

அதே பெல்வியூவின் கிழக்குப் பகுதியில் உள்ள கிராஸ்ரோட்ஸ் வளாகம் இதற்குத் தகுந்த சான்று. 1960களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இந்த வளாகம் சாதாரணமான புறநகர் மால்தான்: சுற்றிலும் வண்டி நிறுத்தும் திடல், நடுவே தாழ்ந்த கட்டடம். 1980களில் நலிந்துபோய், கடைகள் காலியாகி, போகத் தயங்கும் இடம் என்று பெயரெடுத்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ரான் ஷெர் என்ற கட்டட முதலீட்டாளர் இதைக் கையிலெடுத்தார். சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் வெளியிட்ட நூலில், வீடும் அல்லாத வேலையிடமும் அல்லாத 'மூன்றாம் இடம்' ஒன்று மனிதருக்குத் தேவை என்று வாதிட்டிருந்தார். அந்தக் கருத்தில் ஷெர் கொண்ட ஈடுபாடு சிறிதல்ல. பின்னாளில் தாம் தொடங்கிய புத்தகக் கடைக்கே 'தேர்ட் பிளேஸ்' என்று பெயர் வைத்தார். கிராஸ்ரோட்ஸின் நடுக்கூடத்தில் பெருந்தொடர் உணவகங்களை நிரப்பாமல், குடும்பங்கள் நடத்தும் சிறு உணவுக் கடைகளைச் சுற்றிலும் வைத்து, நடுவே பொதுமேசைகள் போடப்பட்டன. ஒரு மேடை அமைந்தது. வார இறுதி மாலைகளில் அதில் கட்டணமில்லா இசை நிகழ்ச்சிகள் நடந்தன. வெவ்வேறு சமூகத்தாரின் பாட்டும் நடனமும் ஏறின. தரையிலேயே சதுரங்கக் கட்டம் வரையப்பட்டு, இரு கைகளாலும் தூக்கி நகர்த்தும் அளவுக்குப் பெரிய காய்கள் வைக்கப்பட்டன. 1990களில் நகராட்சி இதே கூரைக்குள் 'மினி சிட்டி ஹால்' என்ற சிறு அலுவலகத்தைத் திறந்தது. வரி, குடிநீர்க் கட்டணம் முதல் மருத்துவ உதவி, வேலை தேடல் வரையான கேள்விகளுக்குப் பல மொழிகளில் வழிகாட்டும் இடம் அது. நூலகத்தின் கிளையும் உள்ளே வந்தது.

இதை ஒரு நல்லெண்ணக் கதையாக மட்டும் வாசிப்பது தவறு. இதற்குள் தெளிவான வணிகக் கணக்கு இருக்கிறது. மால்களில் கூட்டத்தை இழுத்து வரும் பெருங்கடைகள் சதுர அடிக்கு மிகக் குறைந்த வாடகையே தருகின்றன, அவற்றால் வரும் கூட்டத்தில் பிழைக்கும் சிறுகடைகள்தாம் அதிகம் தருகின்றன என்பதைப் பொருளியலாளர்கள் பஷிகியனும் கவுல்டும் 1998இல் விரிவாகக் காட்டினார்கள். வளாக உரிமையாளர் பெருங்கடைக்குத் தரும் சலுகை தானமன்று. அது கூட்டத்துக்குக் கொடுக்கும் விலை. கிராஸ்ரோட்ஸில் நடந்தது, அந்தப் பெருங்கடையின் வேலையில் ஒரு பங்கை மேசைகளுக்கும் மேடைக்கும் சதுரங்கக் கட்டத்துக்கும் கொடுத்தது. அவை வாடகை தருவதில்லை, ஆனால் ஆட்களைக் கொண்டுவருகின்றன. சிறு முதலீட்டில் கடை வைக்க வந்த புலம்பெயர்ந்த குடும்பத்துக்கும் இந்த ஏற்பாடு பொருந்தியது. தனிக் கட்டடம் எடுத்து, தனி மேசை நாற்காலி போட்டு, விளம்பரம் செய்து வாடிக்கை பிடிக்க வேண்டிய செலவை நடுக்கூடம் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் 1986இல் பக்கத்து ரெட்மண்டுக்குத் தன் தலைமையகத்தை மாற்றியதும், 1965இன் குடியேற்றச் சட்டம் நாட்டினப் பங்கீட்டை நீக்கியதும் சேர்ந்து, ஆசியாவிலிருந்து வந்த குடும்பங்கள் இப்பகுதியில் பெருகியிருந்தன. 1960இல் 13,000 பேர்கூட இல்லாத பெல்வியூவில் 2020இல் 1,51,854 பேர் இருந்தார்கள். இன்று அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். 1942இல் ஜப்பானியர்கள் வெளியேற்றப்பட்ட ஊர் எண்பது ஆண்டுகளுக்குள் ஆசியர்களால் வளரும் ஊராகிவிட்டது.

இருக்கை என்பது இத்தனை பேசத்தக்க பொருளா என்று கேட்கலாம். வில்லியம் வைட் நியூயார்க்கின் சிறு சதுக்கங்களைப் படம்பிடித்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1980இல் சொன்ன முடிவு மிக எளியது: உட்கார இடமிருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலியை அவர் பெரிதும் மதித்தார். தன் நாற்காலியைத் தானே இரண்டடி நகர்த்திக்கொள்பவர், பக்கத்தில் இருப்பவரோடு எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிறார். அறிமுகமற்றவர்கள் நிறைந்த இடத்தில் இந்தச் சிறு அதிகாரம் பெரிது. புறநகரில் அது இன்னும் பெரிது. நடைபாதையும் தெருமுனைத் தேநீர்க் கடையும் இல்லாத ஊரில், வண்டி ஓட்டாதவருக்கு வீட்டுச் சுவரே எல்லை. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து சேரும் பெற்றோர், ஷாங்காயிலிருந்தும் சியோலிலிருந்தும் வரும் பெற்றோர், பள்ளி விட்டு வரும் பதின்வயதினர், வேலை அனுமதி இல்லாத விசாவில் காத்திருக்கும் துணைவியர் ஆகியோரின் பகல் பொழுது எங்கே கழிகிறது என்று பாருங்கள். அக்டோபர் முதல் வசந்தம் வரை மழை தூறிக்கொண்டேயிருக்கும் ஊரில் பூங்கா பாதி ஆண்டுக்குத்தான் பயன்படும். பக்கத்திலேயே நகராட்சியின் பூங்காவும் சமூகக் கூடமும் இருந்தும் மால் நிறைகிறதென்றால், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சமூகக் கூடத்துக்குப் போக ஏதாவதொரு நிகழ்ச்சி வேண்டும். கடைக்குப் போகக் காய்கறி தீர்ந்திருந்தால் போதும். கூச்சமுள்ளவருக்கு அந்தச் சாக்கு மிகத் தேவை.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது, அறிவுலகில் வலுவானது: பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உண்பதால் மனம் மாறிவிடாது. புவியியலாளர் ஆஷ் அமீன் பிரிட்டனின் நகரங்களை வைத்து 2002இல் இதை எழுதினார்: பொதுவெளிகளில் மக்கள் ஒருவரையொருவர் கடந்து போகிறார்களே தவிர, சந்திப்பதில்லை, சேர்ந்து ஒரு வேலையைச் செய்தாக வேண்டிய பள்ளி, விளையாட்டுக் குழு, பணியிடம் போன்ற சிறு களங்களில்தான் மாற்றம் நிகழ்கிறது. கில் வாலண்டைன் 2008இல் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: பொது இடத்தில் காட்டும் மரியாதை, வீட்டுக்குள் பேசும் வெறுப்போடு சமாதானமாக வாழவில்லையா? என் ஸ்ட்ராபெரிச் சான்று இவர்கள் பக்கமே நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராஸ்ரோட்ஸில் நடப்பது வெறும் கடந்துபோதல் அல்ல. கார்டன் ஆல்போர்ட் 1954இல், கலந்து பழகுவது வெறுப்பைக் குறைக்க நான்கு நிலைமைகள் உதவும் என்றார்: சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு. மேசையில் வெறுமனே உட்கார்ந்திருப்பதில் இவற்றில் முதலாவது மட்டும் ஓரளவு உண்டு. சதுரங்கக் கட்டத்தில் நிலைமை வேறு. பொதுமொழி தெரியாத இருவருக்குப் பொதுவிதி தெரியும். தோற்பதிலும் வெல்வதிலும் சம்பளமும் குடியுரிமையும் செல்லாது. மேடையில் ஒரு நிகழ்ச்சி ஏற வேண்டுமானால் ஒலிபெருக்கிக்காரர், நேரம் ஒதுக்குபவர், அடுத்த குழு எல்லாரும் ஒத்துப்போயாக வேண்டும். நகராட்சி அலுவலகம் உள்ளே இருப்பதுதான் நான்காவது நிலைமை. இந்த இடத்தில் இந்த மக்கள் இருப்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு, அவர்களுடைய மொழியில் பதில் சொல்லும் அந்தச் சிறு மேசை அத்தாட்சி. 1942இல் அரசின் கை வேறுவிதமாக நீண்டது என்பதை நினைத்தால் இதன் எடை தெரியும்.

எலைஜா ஆண்டர்சன் ஃபிலடெல்ஃபியாவின் ரெடிங் டெர்மினல் சந்தையை ஆராய்ந்து சொன்னதும் இங்கே உதவும். இனப்பிளவு ஆழ்ந்த நகரத்திலும் சில கூரைகளின் கீழ் மக்கள் தங்கள் காவலைத் தளர்த்திக்கொள்கிறார்கள் என்று அவர் கண்டார். அத்தகைய கூரைக்குள்ளும் இனவெறி திடீரென்று கிழித்துக்கொண்டு வெளிவரக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நான் கோருவதும் அவ்வளவே. மால் மனத்தைத் திருத்திவிடும் என்று சொல்லவில்லை. மனம் திருந்தும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே பக்கத்தில் உட்கார ஓர் இடம் வேண்டும், அந்த இடம் நிலைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: எல்லாரும் கலக்கும் அங்காடி எதற்கு, ஒவ்வொரு சமூகத்துக்கும் தன் அங்காடி இருந்தால் போதாதா? இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. அன்று டொராண்டோவை ஒட்டிய தனி ஊராக இருந்த ஸ்கார்பரோவில் 1984இல் ஒரு பழைய சறுக்குச் சக்கர விளையாட்டுக் கூடத்தில் திறக்கப்பட்ட டிராகன் சென்டர் சீன மால், வண்டி நிறுத்தத்தைச் சாக்கிட்டு எழுந்த எதிர்ப்பையும் வெறுப்புத் துண்டறிக்கைகளையும் சந்தித்தது. 1995இல் பக்கத்து மார்க்கமில், சீன மால்கள் பெருகுவதால் பழைய குடிகள் வெளியேறுகிறார்கள் என்று துணை மேயரே பேசி, பெரிய கொந்தளிப்பு உண்டானது. ஆனாலும் 1997இல் அங்கே பசிஃபிக் மால் எழுந்தது. அதே ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் ஈழத் தமிழர்களின் புடவைக் கடைகளும் கொத்துரொட்டிக் கடைகளும் நகைக் கடைகளும் வரிசையாக வளர்ந்தன. அகதியாக வந்திறங்கியவருக்குத் தன் மொழியில் விலை கேட்க முடிந்த முதல் இடம் அப்படிப்பட்ட கடைதான். தன் வீடு என்று ஒன்று இருப்பவர்தான் பொதுச்சாவடிக்குத் தயக்கமின்றி வருவார். ஆகவே இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த நான் விரும்பவில்லை. பசிஃபிக் மாலிலிருந்து கற்கவேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது. அங்கே கடைகள் அடுக்குமாடி வீடுகளைப்போலத் தனித்தனியாக விற்கப்பட்டவை. சிறு வணிகர் வாடகைக்காரராக இல்லாமல் தன் சதுர அடிக்குச் சொந்தக்காரராக இருக்க முடிகிறது. ஒரே முதலாளியின் மனமாற்றத்தால் ஒரே நாளில் அத்தனை பேரையும் காலிசெய்ய வைக்க இயலாது. கிராஸ்ரோட்ஸில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இங்கேதான் வாதத்தின் கடினமான பகுதி வருகிறது. கிராஸ்ரோட்ஸ் தனியார் சொத்து. அங்கே நாள்முழுதும் உட்கார முடிகிறதென்றால் உரிமையாளர் அனுமதிப்பதால் உட்கார முடிகிறது. நம் பழைய வீடுகளின் திண்ணை இப்படிப்பட்டதுதான். வீட்டுக்காரரின் சொத்து, வழிப்போக்கரின் இளைப்பாறல். திண்ணையை நாம் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எந்தத் தெருவில் எந்தச் சாதியார் நடக்கலாம், எந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதை வீட்டுக்காரரும் ஊரும் தீர்மானித்தார்கள் என்பதை அந்த ஏக்கம் மறந்துவிடுகிறது. தயவாகக் கிடைத்த இடத்தில் விலக்கும் அதிகாரம் உள்ளுறைந்தே இருக்கிறது. அமெரிக்க மால்களில் இது வெளிப்படையாகவே நடந்திருக்கிறது. மினசோட்டாவின் மால் ஆஃப் அமெரிக்கா 1996இல், வெள்ளி, சனி மாலைகளில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றி வரக்கூடாது என்று விதித்தது. பிறகு பல மால்கள் அதைப் பின்பற்றின. நீதிமன்றங்களும் உறுதியான துணையாக இல்லை. தனியார் மாலில் துண்டறிக்கை கொடுக்க அமெரிக்க அரசமைப்பு உரிமை தரவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1972இல் லாயிட் வழக்கில் சொன்னது. 1980இல் ப்ரூன்யார்ட் வழக்கில், மாநிலங்கள் தம் அரசமைப்பின்படி அதிக உரிமை தர விரும்பினால் தரலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1981இல், மக்கள் முன்மொழிவு மனுக்களுக்கு மால்களில் கையெழுத்துத் திரட்டுவதை ஆதரித்தது. 1989இல் சவுத்சென்டர் வழக்கில், பேச்சுரிமை அரசுக்கு எதிராகத்தான், மால் உரிமையாளருக்கு எதிராக அல்ல என்று எல்லையைச் சுருக்கிக்கொண்டது. ஆக, கிராஸ்ரோட்ஸ் அமைந்திருக்கும் மாநிலத்தில் மாலுக்குள் குடிமகனுக்குச் சட்டம் உறுதிசெய்வது ஒரு மனுத்தாளின் அளவே.

சொத்துரிமையைப் பேசுவோர் கேட்பார்கள்: பணம் போட்டவரின் மனைக்குள் மற்றவர் எப்படி உரிமை கோரலாம்? நியாயமான கேள்வி. ஆனால் மால் என்பது தனிமனிதர் வீடு போன்ற சொத்து அல்ல. பொதுப்பணத்தில் போட்ட சாலைகள்தாம் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. நகராட்சியின் மண்டல விதிகள்தாம் சுற்றுவட்டாரத்தில் வீடுகளை மட்டும் வைத்து, கடைகளையெல்லாம் ஓரிடத்தில் குவித்து, அந்த இடத்துக்கு ஏகபோகம் தந்தன. தெரு இருந்திருக்க வேண்டிய இடத்தில் மால் இருக்கிறது. இதை முதலில் புரிந்துகொண்டவர் மாலை வடிவமைத்தவரே. நாஜிகளிடமிருந்து 1938இல் தப்பி வந்த வியன்னா கட்டடக்கலைஞர் விக்டர் க்ரூயென், 1956இல் மினசோட்டாவில் சவுத்டேல் மாலைத் திறந்தபோது புறநகருக்கு ஒரு நகர மையத்தைத் தருவதாகவே எண்ணினார். வீடுகள், மருத்துவ வசதி, பூங்கா எல்லாம் அதைச் சுற்றி வர வேண்டும் என்பது திட்டம். வந்தது வணிகம் மட்டும். தம் பெயரில் நாடெங்கும் எழுந்த மால்களைத் தம்முடையவை அல்ல என்று பிற்காலத்தில் அவர் கைகழுவினார். அவர் நினைத்ததில் ஒரு பகுதியைக் கிராஸ்ரோட்ஸ் காலம் தாழ்ந்து செய்து காட்டியிருக்கிறது. அதைச் செய்தது ஒரு தனிமனிதரின் விருப்பம் என்பதே அதன் பலவீனம்.

தனிமனிதர்கள் விலகுவார்கள். கிராஸ்ரோட்ஸ் பின்னர், வணிக வளாகங்களை வாங்கி நடத்தும் ஒரு முதலீட்டு அறக்கட்டளையின் கைக்குப் போனது. 2025இல் அந்த அறக்கட்டளையையே பிளாக்ஸ்டோன் நிதியம் ஏறத்தாழ 400 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. புதிய உரிமையாளர் மேசைகளை அகற்றுவார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. கூட்டம் வரும்வரை மேசை வணிகத்துக்கும் நல்லதுதான். ஆனால் மனையின் விலை, அதன்மேல் நிற்கும் தாழ்ந்த கட்டடத்தின் வருவாயை மிஞ்சும் நாளில் கணக்கு மாறும். அடுக்குமாடி எழுப்ப விண்ணப்பம் வரும். அப்போது நகராட்சியிடம் உண்மையான பேரச் சக்தி ஒன்று இருக்கும்: உயரத்துக்கான அனுமதி. நியூயார்க் 1961இலேயே இதைச் செய்தது. சதுக்கம் தந்தால் கூடுதல் மாடி என்றது. பலன் கலவையானது. ஜெரால்ட் கேடன் 2000இல் அவ்வாறு உருவான 503 இடங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு மக்களுக்குப் பெரிதாகப் பயன்படாதவை என்று தெரிந்தது. பூட்டிய கதவு, முள்வைத்த விளிம்பு, உட்கார ஏதுமற்ற வெறுந்தரை. 'பொது இடம்' என்று மட்டும் எழுதிக் கையொப்பம் வாங்கியதன் விளைவு அது. ஆகவே ஒப்பந்தம் எழுதுபவர்கள் கிராஸ்ரோட்ஸிலிருந்தே சொற்களை எடுக்க வேண்டும். எத்தனை மேசை, அவற்றில் எத்தனை நகர்த்தக்கூடிய நாற்காலி, வாங்காதவர் உட்காரத் தடையில்லாத நேரம் எது முதல் எதுவரை, மேடையில் வாரத்துக்கு எத்தனை மாலைகள் சமூகக் குழுக்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்படும், உள்ளூர்ச் சிறு உணவுக் கடைகளுக்கு எத்தனை இடம், எத்தனை ஆண்டுக் குத்தகை, வாடகை உயர்வுக்கு என்ன வரம்பு, நகராட்சி அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் எத்தனை ஆண்டு உத்தரவாதம், இவற்றை ஆண்டுதோறும் யார் வந்து சரிபார்ப்பார், மீறினால் தண்டம் எவ்வளவு. கட்டட வேலை நடக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தச் சிறு கடைகள் எங்கே இயங்கும் என்பதையும் எழுதியாக வேண்டும். இடைக்காலத்தில் பிழைப்பிழந்த குடும்பம், புதுக் கட்டடம் திறக்கும் நாளில் திரும்பி வர இருக்காது. 1945இல் முகாம்களிலிருந்து விடுபட்ட பெல்வியூ விவசாயிகளில் பெரும்பாலோர் திரும்பாததற்கும் அது ஒரு காரணம்: போக அவர்களுக்கு நிலம் மிஞ்சியிருக்கவில்லை.